கூடவே இருந்தவர்கள் சொன்னால் நம்பலாமா?



கொஞ்சம் நீளமான பதிவு. காபியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து படியுங்கள். பாதியில் நிறுத்திவிட்டு "சூப்பர் டீச்சர்" என்று போட்டால் எனக்குத் தெரிந்துவிடும். முப்பத்தைந்து வருஷம் நோட்டுத் திருத்தியவள் நான்.

போன வாரம் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒரு பிள்ளை போன் செய்தான். இப்போது அவனுக்கே காலேஜ் போகிற மகள் இருக்கிறாள். யூடியூபில் ஏதோ பேட்டி பார்த்துவிட்டு, "டீச்சர், ஒரு பெரிய பாடகர் போயிட்டா கூட இருந்த டிரைவர், பாடிகார்டு, சமையல்காரர்னு எல்லாரும் பேட்டி குடுக்கிறாங்க. ஒருத்தர் சொல்றது இன்னொருத்தரோட ஒத்துப்போகல. எல்லாரும் கூடவே இருந்தவங்கதான். இதுல யாரை நம்புறது?" என்றான்.

"நாளைக்குச் சொல்றேன்டா" என்று வைத்துவிட்டேன். ஒரு வாரம் ஆகிவிட்டது. அவன் கேட்ட கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதில் எல்விஸ் பிரெஸ்லி வழியாகத்தான் போகிறது. அதற்குப் பின்னால் எங்கள் வீட்டுக் கதை ஒன்றும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் இதை மட்டும் சொன்னால் நான் மறுபடியும் பாதி சொன்னவள் ஆகிவிடுவேன். ஏன் "மறுபடியும்" என்கிறேன் என்பது கடைசியில் புரியும்.

எல்விஸை எனக்கு அறிமுகம் செய்தது எங்கள் பெரியண்ணன். திருச்சிப் பக்கம் மெல்லிசைக் குழு வைத்துக் கோயில் திருவிழாக்களில் பாடியவர். பழைய மாணவர்களில் சிலர் சின்ன வயதில் அவர் கச்சேரி கேட்டிருப்பீர்கள். எல்விஸ் மாதிரி கிருதா வளர்த்திருப்பார். அப்பா திட்டுவார். இலங்கை வானொலியின் ஆங்கில ஒலிபரப்பில் கேட்டுக் கேட்டு, அர்த்தம் தெரியாமலே நாலைந்து பாட்டுகளைப் பாடம் செய்து வைத்திருந்தார். 1977 ஆகஸ்டில் நான் ஆசிரியர் பயிற்சிப் பள்ளி விடுதியில் இருந்தபோது அண்ணனிடமிருந்து ஓர் இன்லண்ட் லெட்டர் வந்தது. வீட்டு விசேஷம் எதுவும் இல்லை. எல்விஸ் இறந்துவிட்டார் என்று மட்டும் நாலு பக்கமும் எழுதியிருந்தார். விடுதிப் பிள்ளைகள் எங்கள் வீட்டில் யாரோ இறந்துவிட்டார்கள் என்றே நினைத்தார்கள்.

2022இல் எல்விஸ் படம் வந்தபோது மகளோடு பார்த்தேன். அண்ணன் நினைவு வந்து தூக்கம் போயிற்று. அதன் பிறகுதான் மகளைப் புத்தகம் வாங்கித் தரச் சொல்லிப் படிக்க ஆரம்பித்தேன். ஒன்று படித்தால் அதில் சொன்னதை இன்னொன்று மறுக்கிறது. எல்லாம் கூடவே இருந்தவர்கள் சொன்னவை.

எல்விஸைச் சுற்றி எப்போதும் ஒரு கூட்டம் இருந்தது. பத்திரிகைக்காரர்கள் வைத்த பெயர் "மெம்ஃபிஸ் மாஃபியா". மாஃபியா என்றவுடன் பயந்துவிடாதீர்கள். பள்ளித் தோழர்கள், சொந்தக்காரர்கள், ராணுவத்தில் பழகியவர்கள், அவ்வளவுதான். 1960 வாக்கில் லாஸ் வேகாசில் எல்லாரும் கறுப்பு சூட்டும் கறுப்புக் கண்ணாடியுமாக அவரோடு இறங்கினார்களாம். அதைப் பார்த்து வந்த பெயர். பாதுகாப்பு, கார் ஓட்டுவது, பெட்டி தூக்குவது, ராத்திரி முழுக்கப் பேச்சுத் துணையாக உட்கார்ந்திருப்பது, எல்லாம் அவர்கள் வேலை. சம்பளம் பெரிதில்லை. பரிசுகள் பெரிது. மனசு வந்தால் காடிலாக் கார் வாங்கிக் கொடுத்துவிடுவார்.

இங்கேயே ஒரு விஷயம் கவனியுங்கள். உங்கள் நண்பர்தான் உங்கள் முதலாளி. அவர் கோபித்துக்கொண்டால் நட்பும் போகும், சாப்பாடும் போகும். அப்படிப்பட்ட இடத்தில் இருப்பவர் கண்ணால் பார்த்ததையெல்லாம் வாயால் சொல்வாரா?

இப்போது முக்கியமான ஆளுக்கு வருகிறேன். ரெட் வெஸ்ட். மெம்ஃபிஸில் ஹ்யூம்ஸ் உயர்நிலைப் பள்ளியில் எல்விஸோடு படித்தவர். இருபது வருஷத்துக்கு மேல் நிழல் மாதிரி இருந்தார். அவருக்காகப் பாட்டுகூட எழுதிக் கொடுத்திருக்கிறார். 1976 ஜூலையில் எல்விஸின் அப்பா வெர்னான், ரெட்டையும் அவருடைய உறவினர் சன்னி வெஸ்டையும் டேவ் ஹெப்ளர் என்பவரையும் ஒரே நாளில் வேலையை விட்டு நிறுத்திவிட்டார். செலவைக் குறைக்கிறோம் என்பது சொன்ன காரணம். ரசிகர்களிடம் முரட்டுத்தனமாக நடந்து வழக்குகள் வந்தன என்பதும் உண்டு. ஒரு வாரச் சம்பளம் கையில். எல்விஸ் நேரில் வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மூன்று பேரும் சேர்ந்து ஒரு பத்திரிகையாளரிடம் எல்லாவற்றையும் கொட்டினார்கள். "எல்விஸ்: வாட் ஹேப்பண்ட்?" என்ற புத்தகமாக அது வந்தது. மருந்து மாத்திரைகளுக்கு எல்விஸ் அடிமையாகிவிட்டார், இப்படியே போனால் பிழைக்க மாட்டார் என்பதுதான் அதன் சாரம். 1977 ஆகஸ்ட் தொடக்கத்தில் புத்தகம் கடைக்கு வந்தது. ஆகஸ்ட் 16ஆம் தேதி எல்விஸ் கிரேஸ்லேண்ட் வீட்டுக் குளியலறையில் விழுந்து கிடந்தார். வயது 42.

ரசிகர்கள் யார் மேல் கோபப்பட்டார்கள் என்று நினைக்கிறீர்கள்? அந்த மூன்று பேர் மேல். துரோகிகள், பணத்துக்காக எழுதியவர்கள், வேலை போன ஆத்திரத்தில் பொய் சொன்னவர்கள் என்று பேசினார்கள். கூட இருந்த மற்றவர்களில் பலரும் அப்போது மருந்து விஷயத்தை மறுத்தார்கள், இல்லையென்றால் மழுப்பினார்கள்.

மருத்துவப் பரிசோதகர் ஜெர்ரி ஃபிரான்சிஸ்கோ, இதயத் துடிப்புக் கோளாறால் வந்த மரணம், மருந்துக்குச் சம்பந்தம் இல்லை என்று அறிவித்தார். ஆனால் ரத்தப் பரிசோதனையில் பல மருந்துகள் ஒன்றாகக் கலந்திருந்தது பிறகு வெளியே வந்தது. 1979இல் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி இதைக் கிளப்ப, எல்விஸின் டாக்டர் ஜார்ஜ் நிக்கோபுலோஸ் மீது விசாரணை வந்தது. விசாரணையில் மருந்துச் சீட்டுகளை எடுத்து எண்ணினார்கள். 1977இல் எல்விஸ் உயிரோடிருந்த அந்த ஏழரை மாதத்தில் மட்டும் அவர் பெயரில் 10,000க்கும் மேற்பட்ட மாத்திரைகளும் ஊசிகளும் எழுதிக் கொடுக்கப்பட்டிருந்தன.

மரணத்துக்கு எது கடைசிக் காரணம் என்று டாக்டர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. 1994இல் வேறொரு நிபுணர் கோப்புகளைப் பார்த்துவிட்டு மாரடைப்புதான் என்றார். முழுப் பிரேதப் பரிசோதனை அறிக்கை பொதுவில் வெளியிடப்படவும் இல்லை. ஆனால் மாத்திரை விஷயத்தில் "துரோகிகள்" சொன்னது உண்மை என்பதற்கு மருந்துச் சீட்டே சாட்சியாகிவிட்டது.

பிள்ளைகளே, இந்த இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். ரெட் வெஸ்டுக்குக் கோபம் இருந்ததா? இருந்தது. பணம் வந்ததா? வந்தது. இரண்டும் நிஜம். இருந்தும் அவர் சொன்னது பொய்யாகவில்லை. ஒருவர் ஏன் சொல்கிறார் என்பது ஒரு கேள்வி. சொன்னது சரியா என்பது இன்னொரு கேள்வி. வகுப்பில் ஒருவன் இன்னொருவனைப் போட்டுக் கொடுக்கும்போது பெரும்பாலும் பொறாமையில்தான் போட்டுக் கொடுப்பான். அதற்காக மற்றவன் காப்பியடிக்கவில்லை என்று ஆகிவிடுமா?

டாக்டரையும் பாருங்கள். அவரும் மிக நெருங்கிய சாட்சி. "நான் கொடுக்காவிட்டால் வேறு டாக்டரிடம் வாங்கியிருப்பார், நான் கட்டுக்குள் வைக்கத்தான் பார்த்தேன்" என்பது அவர் கடைசிவரை சொன்ன பதில். 1980இல் மருத்துவ வாரியம் அவர் உரிமத்தை மூன்று மாதம் நிறுத்தி வைத்தது. 1981இல் நடந்த கிரிமினல் வழக்கில் நடுவர்கள் குற்றமில்லை என்று விடுவித்தார்கள். 1995இல் உரிமம் நிரந்தரமாகவே பறிபோனது. அவர் சொன்னதில் கொஞ்சம் உண்மை இருக்கலாம். எல்விஸ் வேறு டாக்டர்களிடமும் வாங்கியது தெரிந்த விஷயம்தான். ஆனால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டிய கட்டாயத்தில் பேசுகிறவர் பேச்சை, அந்தக் கட்டாயத்தையும் சேர்த்துத்தான் நிறுக்க வேண்டும்.

அடுத்து ஞாபகம் என்ற விஷயம். இதில் யாரும் வேண்டுமென்று பொய் சொல்வதில்லை. ஆனாலும் ஒத்துப்போகாது.

1965 ஆகஸ்ட் 27 ராத்திரி பீட்டில்ஸ் நாலு பேரும் லாஸ் ஏஞ்சலிஸில் எல்விஸ் வீட்டுக்குப் போனார்கள். உலகத்திலேயே பெரிய இரண்டு பாட்டுக் கோஷ்டிகள் ஒரே அறையில். ஆனால் உள்ளே கேமரா, டேப் ரிக்கார்டர் கூடாது என்று ஏற்பாடு. இரண்டு பக்கத்து ஆட்களும் அறை நிறைய இருந்தார்கள். சரி, அன்றைக்குச் சேர்ந்து பாடினார்களா? ஒருவர் கிட்டார் எடுத்து ரொம்ப நேரம் வாசித்தார்கள் என்று பாட்டின் பெயரோடு சொல்கிறார். இன்னொருவர் சும்மா கொஞ்சம் மீட்டினார்கள் என்கிறார். வேறொருவர் வாசித்ததாகவே நினைவில்லை என்கிறார். அத்தனை பேரும் அங்கே இருந்தவர்கள். அறுபது வருஷமாகியும் முடிவு தெரியவில்லை.

அதற்கு நேர்மாறாக இன்னொரு சம்பவம். 1970 டிசம்பரில் செலவு விஷயமாக வீட்டில் சண்டை. எல்விஸ் யாரிடமும் சொல்லாமல் தனியாக விமானம் ஏறி வாஷிங்டன் போனார். அங்கிருந்து லாஸ் ஏஞ்சலிஸ் போய், தன் நண்பர் ஜெர்ரி ஷில்லிங்கைக் கூட்டிக்கொண்டு மறுபடியும் வாஷிங்டன் வந்தார். வரும் வழியில் விமான கம்பெனித் தாளில் ஜனாதிபதி நிக்சனுக்குக் கைப்பட ஒரு கடிதம் எழுதினார். விடியற்காலையில் வெள்ளை மாளிகை வாசலில் அதைக் கொடுத்தார். போதைப்பொருளை ஒழிக்க உதவுகிறேன், எனக்கு அதிகாரி பேட்ஜ் வேண்டும் என்பது கோரிக்கை. அன்றைக்கே, டிசம்பர் 21, நிக்சனைப் பார்த்தார். துப்பாக்கி ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார். பேட்ஜும் வாங்கிக்கொண்டார்.

இதை ஜெர்ரி ஷில்லிங் வாய்மொழியாக மட்டும் சொல்லியிருந்தால் யாராவது நம்பியிருப்போமா? கதை விடுகிறார் என்று சிரித்திருப்போம். ஆனால் அந்தக் கடிதம் இருக்கிறது, அதிகாரி எழுதி வைத்த குறிப்பு இருக்கிறது, புகைப்படங்கள் இருக்கின்றன. எல்லாம் அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கின்றன.

நம்பும்படியாகத் தோன்றுகிற கதைக்கு ஆதாரம் இல்லை. நம்பவே முடியாத கதைக்கு ஆதாரம் இருக்கிறது. ஆகவே கேட்க நன்றாக இருக்கிறதா என்று பார்த்து முடிவு செய்யாதீர்கள். சொன்னதை ஏதாவது ஒரு காகிதத்தோடு வைத்துப் பார்க்க முடியுமா என்று பாருங்கள்.

இன்னொன்றும் எனக்குப் பட்டது. முடி திருத்த வந்து நண்பரான லாரி கெல்லர் பார்த்த எல்விஸ் ஆன்மிகப் புத்தகமாகப் படித்துக் குவித்தவர். காவலுக்கு நின்றவர்கள் பார்த்த எல்விஸ் துப்பாக்கியும் கோபமுமாக இருந்தவர். ஷில்லிங் பார்த்தவர், நல்ல சினிமா கிடைக்கவில்லையே என்று மனம் வெந்த கலைஞர். மனைவி பிரிசில்லா 1985இல் எழுதிய புத்தகத்தில் வருபவர் இன்னொருவர். மகள் லிசா மேரிக்கு அப்பா இறக்கும்போது ஒன்பது வயது. அவள் நினைவில் இருந்தது வேறு அப்பா. அம்மாவின் புத்தகத்தை வைத்து எடுத்த படத்தில் தன் அப்பா தனக்குத் தெரிந்த அப்பாவாக இல்லை என்று அவள் வருத்தப்பட்டதாகச் செய்தி வந்தது. இதில் யார் பொய்? யாரும் இல்லை. யானையை ஆளுக்கொரு பக்கம் தொட்டுப் பார்த்த கதைதான். அவரவர் தொட்ட இடம் மட்டும் நிஜம்.

கேட்பவர் யார் என்பதும் முக்கியம். லாமர் ஃபைக் என்று ஒரு நண்பர். அவருடைய உதவியோடு ஆல்பர்ட் கோல்ட்மேன் 1981இல் ஒரு புத்தகம் எழுதினார். எல்விஸை மிகவும் கேவலமாகக் காட்டுகிறது என்று அதற்கு எதிர்ப்பு வந்தது. பிறகு பீட்டர் குரால்னிக் என்பவர் நூற்றுக்கணக்கான பேரிடம் பேசி, 1994இலும் 1999இலும் இரண்டு பெரிய பாகங்களாக எழுதினார். எதிர்ப்பட்ட நண்பர்கள் பெரும்பாலும் அதே ஆட்கள்தான். ஆனால் அதில் வரும் எல்விஸ், நம் தெருவில் நடமாடிய ஒரு மனிதன் மாதிரி இருக்கிறார். நான் இன்ஸ்பெக்ஷனுக்கு வரும் அதிகாரிகளைப் பார்த்திருக்கிறேன். குற்றம் பிடிக்கவென்றே ஒருவர் வந்தால் பிள்ளைகள் வாயிலிருந்து அன்றைக்குக் குற்றம்தான் வரும்.

இப்போது எங்கள் வீட்டுக்கு வருகிறேன். இனிமேல் சொந்தங்கள் கவனமாகப் படியுங்கள்.

பெரியண்ணன் 1989இல் இறந்தார். வயது 37. மஞ்சள் காமாலை என்று சொன்னோம். ஊரில் எல்லாரிடமும் அப்படித்தான் சொன்னோம். இன்றுவரை நம் குடும்பத்தில் அப்படித்தான் பேச்சு.

பதினாறாம் நாள் காரியத்தன்று, குழுவில் வேன் ஓட்டியவர், ஆரம்ப காலத்திலிருந்து அண்ணன் கூடவே இருந்தவர், பந்தலில் எல்லார் முன்னாலும் எழுந்து நின்று, "காமாலைனு சொல்லாதீங்க. குடிதான் கொன்னுச்சு. பாதி நாள் நானே வாங்கிக் குடுத்திருக்கேன். உங்க எல்லாருக்கும் தெரியும். ஒருத்தராவது கேட்டீங்களா?" என்றார்.

மாமா அவரைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினார். அப்பா, "சம்பளப் பாக்கிக்காக வந்து பேசுறான்" என்றார். அப்படியே ஊருக்குள் பரவிவிட்டது. கூடவே இருந்து குழி பறித்தவன் என்று பெயர். கிட்டார் வாசித்தவரும் டிரம்ஸ் வாசித்தவரும் பந்தலிலேயேதான் உட்கார்ந்திருந்தார்கள். தலையைக் குனிந்துகொண்டார்கள்.

அன்று ராத்திரி அண்ணி என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டுக் கேட்டார். "நீ படிச்சவ. நீ பொய் சொல்ல மாட்டே. அவர் அவ்வளவு குடிச்சாரா?"

அண்ணி கல்யாணமாகி வந்து ஏழு வருஷம். அண்ணன் பாதி நாள் கச்சேரி, வெளியூர். வீட்டில் இருக்கும்போது அம்மா எல்லாவற்றையும் மறைத்துவிடுவார். நான் பார்த்திருக்கிறேன். கொல்லைப்புறத்துத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பாட்டிலைப் பார்த்திருக்கிறேன். காலையில் கை நடுங்குவதைப் பார்த்திருக்கிறேன். என்னிடம் கைமாற்று வாங்கியது எதற்கு என்றும் எனக்குத் தெரியும்.

"இல்லண்ணி, எப்பவாவதுதான்" என்றேன்.

பொய் சொல்லாதே என்று தினமும் பிரேயரில் பிள்ளைகளுக்குச் சொன்ன டீச்சர்தான் அதைச் சொன்னது. அண்ணனின் பெயரைக் காப்பாற்றுகிறேன் என்று அப்போது நினைத்தேன். இப்போது யோசித்தால், அப்பா முகத்தையும் என் முகத்தையும்தான் காப்பாற்றினேன்.

அப்போது அண்ணன் மகனுக்கு ஆறு வயது. அப்பா காமாலையில் போனார், வேன்காரர் துரோகி என்று கேட்டே வளர்ந்தான். இரண்டு வருஷத்துக்கு முன் அவனுக்கு உடம்புக்கு முடியாமல் டாக்டரிடம் போனபோது நான்தான் கூடப் போனேன். டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "குடிப்பீங்களா?" என்றார். "கொஞ்சம்" என்றான். "குடும்பத்துல யாருக்காவது குடியால கல்லீரல் பிரச்சினை இருந்ததா?" என்றார். "இல்ல சார்" என்று தெளிவாகச் சொன்னான். அவன் பொய் சொல்லவில்லை. அவனுக்கு அதுதான் தெரியும். பக்கத்து நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தேன். வாய் திறக்கவில்லை. இரண்டாவது தடவை.

ஆட்டோவில் திரும்பி வரும்போது உடம்பெல்லாம் வேர்த்தது. அன்று ராத்திரியே அவனைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "அத்தை, இதை முப்பது வருஷத்துக்கு முன்னாடி சொல்லியிருக்கலாமே" என்றான். அவ்வளவுதான் கேட்டான். அதற்கு என்னிடம் பதில் இல்லை. மறுநாள் அவனே டாக்டரிடம் போய்த் திருத்திச் சொல்லிவிட்டு வந்தான். குடியை விட்டு இப்போது பத்தொன்பது மாதம் ஆகிறது. அவன் அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். அண்ணியிடமும் நேரில் போய்ச் சொல்லிவிட்டேன். அண்ணி அழவில்லை. "எனக்கும் தெரியாம இல்ல. யாராவது ஒருத்தர் ஆமானு சொல்ல மாட்டாங்களானு இருந்தேன்" என்றார்.

பிறகு அம்மாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்து தேடினேன். அம்மா போய் வருஷமாகிறது, யாரும் தொடவில்லை. அடியில் ஆஸ்பத்திரிச் சீட்டு இருந்தது. குடியால் கல்லீரல் கெட்டுவிட்டது என்று டாக்டர் ஆங்கிலத்தில் தெளிவாக எழுதியிருக்கிறார். கூடவே குழுவின் கணக்கு நோட்டு. வேன்காரருக்குச் சம்பளப் பாக்கி 1,140 ரூபாய் என்று அண்ணன் கையெழுத்திலேயே இருக்கிறது.

அப்பா சொன்னதும் பொய்யில்லை, பாக்கி இருந்தது. வேன்காரர் சொன்னதும் பொய்யில்லை. நாங்கள் பாக்கியைக் காட்டி உண்மையை வெளியே தள்ளிவிட்டோம். ரெட் வெஸ்டைப் பற்றிப் படித்தபோது எனக்கு அந்தப் பந்தல்தான் கண் முன்னால் வந்தது.

போன தை மாதம் விசாரித்துக்கொண்டு அவரைத் தேடிப் போனேன். வயது எண்பதை நெருங்குகிறது. மகள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். என்னை அடையாளம் கண்டுகொண்டு, "வா தங்கச்சி" என்றார். மன்னிப்புக் கேட்டேன். ஒரு கவரில் அந்தப் பாக்கியை வட்டி போட்டு வைத்திருந்தேன். கையால் தள்ளிவிட்டார். பிறகு மகள் சொன்னதன் பேரில் வாங்கிக்கொண்டார்.

அவரிடம் ஒன்று கேட்டேன். நம் வீட்டில் எல்லாரும் சொல்வோமே, கடைசிக் கச்சேரியில் அண்ணன் ஒரே பாட்டை மூன்று தடவை பாடினார், ஊரே அழுதது என்று. கிட்டார்காரர் அதை எத்தனை கல்யாண வீட்டில் சொல்லி நம்மை அழ வைத்திருக்கிறார்! "அது நெசமாண்ணே?" என்றேன்.

கொஞ்ச நேரம் யோசித்தார். "அன்னிக்கு அவருக்குத் தொண்டையே எழும்பல தங்கச்சி. ரெண்டு பாட்டோட உக்காந்துட்டார்னு எனக்கு ஞாபகம். ஆனா பாதிக் கச்சேரி நான் வேன்ல தூங்கிட்டேன். நான் சொல்றத அப்படியே வச்சுக்காத" என்றார்.

பந்தலில் நின்று எல்லாரையும் எதிர்த்துச் சொன்னவர், தனக்குத் தெரியாத இடத்தில் தெரியாது என்றார். தன் மேல் பழி வரும் என்று தெரிந்தும் "நானே வாங்கிக் குடுத்தேன்" என்று சேர்த்துச் சொன்னவர் அவர் ஒருவர்தான். அன்றைக்கே அதை நாங்கள் கவனித்திருக்க வேண்டும்.

ஆகவே, போன் செய்த என் பிள்ளைக்கு இதுதான் பதில். கூடவே இருந்தவர் என்ற ஒன்றுக்காக நம்பாதே, கோபத்தில் பேசுகிறார் என்ற ஒன்றுக்காகத் தள்ளாதே. அந்த நேரம் அந்த அறையில் இருந்தாரா, எப்போது சொன்னார், சொன்னதால் அவருக்கு வந்தது என்ன, போனது என்ன, தன் தப்பையும் சேர்த்துச் சொல்கிறாரா, ஏதாவது காகிதம் ஒத்துப்போகிறதா என்று பார். பேட்டி கொடுக்காமல் தலை குனிந்து உட்கார்ந்திருப்பவர்களையும் பார். நான் அந்த வரிசையில் உட்கார்ந்தவள்.

சொந்தங்களுக்கு ஒரு வேண்டுகோள். இனிமேல் பெரியண்ணனைப் பற்றிப் பேசும்போது காமாலை என்று சொல்லாதீர்கள். அவர் குரல் எவ்வளவு நன்றாக இருக்கும் என்பதையும் சொல்லுங்கள், எதனால் போனார் என்பதையும் சொல்லுங்கள். நம் வீட்டுப் பையன்கள் இரண்டையும் தெரிந்துகொள்ளட்டும். இந்த வருஷம் அவர் நினைவு நாளுக்கு வேன்கார அண்ணனையும் குடும்பத்தோடு அழைத்திருக்கிறேன். வருகிறேன் என்றிருக்கிறார். வந்தால் முன்வரிசையில் உட்கார வையுங்கள். அன்று பந்தலில் இருந்தவர்கள் இன்னும் நாலைந்து பேர் இருக்கிறீர்கள். யார் என்று நான் எழுத மாட்டேன். அவரிடம் ஒரு வார்த்தை பேசுங்கள்.

பழைய மாணவர்களே, உங்களில் யார் வீட்டிலாவது அண்ணன் கச்சேரி நோட்டீஸ், போட்டோ, பதிவு செய்த கேசட் ஏதாவது இருந்தால் எனக்குத் தெரியப்படுத்துங்கள். தேதி தெரிந்தால் தேதியையும் எழுதுங்கள். ஞாபகத்திலிருந்து எழுதினால் "ஞாபகத்திலிருந்து" என்று குறிப்பிடுங்கள்.

எல்லாரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் அஞ்சாம் வகுப்பு டீச்சர்